கொல்லைப்புறக் கணக்கு

மனிதனுக்கு வரும் கர்வங்களில் பணக் கர்வம், படிப்புக் கர்வம், குலக் கர்வம் என்று பலவற்றைப் பெரியவர்கள் கண்டித்து வைத்திருக்கிறார்கள். தன் கையால் போட்ட விதை முளைவிட்டதைப் பார்த்து ஒருவனுக்கு வருகிற கர்வத்தைப் பற்றி மட்டும் யாரும் என்னை எச்சரிக்கவில்லை. எனக்கு அந்தக் கர்வம் வந்தது. ஏறக்குறைய ஒரு மாத காலம் என்னிடம் தங்கியும் இருந்தது. அது வந்த கதையையும் போன கதையையும் சொன்னால், வாசகர்களுக்கும் யோசிக்க ஏதாவது கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

புதுச்சேரியில், உப்பளத்தில், ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். பின்புறம் ஒரு கிணறு, துவைக்கிற கல், அதற்கப்பால் நாலு கட்டில் போடும் அளவுக்கு வெறும் தரை. அதில் சிமெண்டு பூசிவிடலாமா என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். 'பூமி கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரியட்டும்' என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். தடுத்தேனே தவிர, அந்தப் பூமியில் ஒரு துளசிச் செடியைக்கூட நட்டதில்லை.

நட வைத்தது ஒரு கட்டுக் கீரை.

எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் கூடையோடு ஓர் அம்மாள் வருவாள். வயது அறுபதுக்குக் குறையாது. அரியாங்குப்பத்துக்கு அப்பால் ஏதோ கிராமம். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு நாளைக்குள் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. தெருவெல்லாம் ஆறாக ஓடிற்று. தண்ணீர் வடிந்து சில நாள் கழித்து அந்த அம்மாள் வந்தாள். கூடையில் கால்வாசிகூட இல்லை. கட்டு இருபத்தைந்து ரூபாய் என்றாள்.

"பதினஞ்சுக்குக் கொடுத்ததை இருபத்தஞ்சுங்கிறியேம்மா, இது என்ன நியாயம்?" என்றேன்.

"மழையில பாத்தியெல்லாம் அழுகிப் போச்சு ஐயா. தப்பிச்சதைத்தான் அறுத்துக்கினு வந்தேன்."

நான் பதினைந்துக்கு மேல் ஒரு காசும் கிடையாது என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கோபம் தணிந்திருக்கும். பேசாமல் போனதுதான் பொறுக்கவில்லை. 'ஒரு பிடி கீரைக்காக இன்னொருவர் தயவில் நிற்பதாவது! கொல்லையில் இவ்வளவு இடம் இருக்கிறது. நாமே போட்டுக்கொள்ளலாமே' என்று எண்ணினேன்.

சொந்த உழைப்பில் சாப்பிட வேண்டும் என்பது பெரிய தத்துவம். உடலால் உழைக்காமல் உண்பவன் பிறர் உழைப்பைத் திருடுகிறான் என்ற கருத்தை, போண்டரெவ் என்ற ரஷ்யக் குடியானவர் எழுத, டால்ஸ்டாய் அதை ஏற்று உலகத்துக்குச் சொன்னார். டால்ஸ்டாயிடமிருந்து காந்தி எடுத்துக்கொண்டார். 1910-ல் தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் அருகே காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை எழுந்தபோது, அங்கே மண் கொத்தியவர்களிலும் மரங்களுக்குத் தண்ணீர் சுமந்தவர்களிலும் தமிழர்கள் பலர் இருந்தார்கள். இதெல்லாம் எனக்கு அன்று மளமளவென்று நினைவுக்கு வந்தது. என் கோபத்தின் மதிப்பு பத்து ரூபாய். அதற்கு நான் காந்தியையும் டால்ஸ்டாயையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

மண்வெட்டி வாங்கினேன். இரண்டு மூட்டை சாணி எரு, வேப்பம் பிண்ணாக்கு, பூவாளி, வேலிக்குக் கம்பி வலை, பீன்ஸ் விதை, தக்காளி விதை எல்லாம் வந்தன. மார்கழி முதல் வாரத்தில் விதை போட்டேன். அரும்பு அரும்பாக முளைத்து வந்தபோது என் நடையே மாறிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் காப்பி குடிப்பதற்கு முன்பே கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

தை பிறந்தது. வெயில் ஏற ஏறப் பீன்ஸ் இலைகளின் ஓரம் நெருப்பில் வாட்டியதுபோல் கருகத் தொடங்கிற்று. தண்ணீர் போதவில்லை என்று காலையில் ஒரு வாளி இறைத்து ஊற்றியவன், மாலையிலும் ஒரு வாளி ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கருகிற்று. மாதம் முடிவதற்குள் பீன்ஸ் பந்தலில் வெறும் கயிறுதான் மிஞ்சியது.

இதற்கிடையில் என் மனைவி எனக்குத் தெரியாமல் அந்த அம்மாளிடமே கீரை வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது ஒருநாள் வெளியாயிற்று. வெளியானதோடு நிற்கவில்லை. அவளைக் கொல்லைக்கே அழைத்து வந்து காட்டினாள். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. கீரைக்காரம்மா செடிகளைப் பார்க்கவே இல்லை. வாளியிலிருந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கெணத்துத் தண்ணி கரிக்குதே ஐயா. இத்தைப் போயி அவரைக் குட்டிக்கு ஊத்தினா அது எப்படிப் பொழைக்கும்?" என்றாள்.

ஊரின் பெயரே உப்பளம். அந்தப் பெயரைத் தபால் முகவரியில் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அதற்குப் பொருள் உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கடலோர நிலத்தில் மழைநீர் உள்ளே இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய போர்வைபோல் மிதக்கிறது. அளவோடு இறைத்தால் நல்ல நீர் கிடைக்கும். அளவு மீறினால் உப்புநீர் மேலே ஏறும். அந்த நீரைச் செடிக்கு ஊற்றினால் வெயிலில் ஈரம் ஆவியாகிப் போகும், உப்பு போகாது, மேல்மண்ணில் தங்கிவிடும். உப்புப் பாத்தியில் நடப்பதும் இதுதான். புயல் மழை மண்ணிலிருந்த உப்பைக் கழுவி அடியில் இறக்கியிருந்ததால்தான் என் விதைகள் அவ்வளவு செழிப்பாக முளைத்தன. மழை கழுவியதை நான் வாளி வாளியாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தேன். சுருங்கச் சொன்னால், நான் பீன்ஸ் பயிரிடவில்லை, உப்புப் பயிரிட்டேன்.

இந்த மண்ணில் உப்பைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. 1815-லும் 1818-லும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு விளைவிப்பது நின்று போயிற்று. அதற்கு ஈடாக ஆங்கிலேயர் பணம் கொடுத்தார்கள். வேண்டிய உப்பையும் அவர்களே கொடுத்தார்கள். உப்பளம் என்று பெயர் தாங்கிய ஊருக்கு வெளியிலிருந்து உப்பு வர வேண்டியதாயிற்று. ஒரு பொருளை விளைவிப்பதை விட்டுவிட்டவனுக்கு நாளடைவில் அதன் விலை மட்டுமே தெரிகிறது. கீரை விஷயத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

கீரைக்காரம்மா வழி சொன்னாள். கிணற்றுத் தண்ணீரைக் குறைத்து, அரிசி களைந்த தண்ணீரையும் காய் கழுவிய தண்ணீரையும் ஊற்றச் சொன்னாள். தழையும் குப்பையும் வெட்டிப் புதைக்கச் சொன்னாள். பீன்ஸை மறந்துவிட்டுத் தண்டுக்கீரை, கொத்தவரை போடலாம், ஓரத்தில் ஒரு முருங்கைக் கொம்பு நடலாம் என்றாள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து வயல்களில் கடல் நீர் தேங்கி நின்றபோது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மண்ணை மீட்டதை, அதற்குத் துணை நின்ற நம்மாழ்வாரின் பெயரோடு நான் படித்திருக்கிறேன். படித்தது என் கொல்லைக்கு வந்து சேரவில்லை. மறுநாள் அவள் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பிடி கீரை விதை எடுத்துக் கொடுத்தாள். காசு நீட்டினேன். "வெதைக்கு எதுக்குங்க காசு?" என்றாள்.

நான் கீரை போட்டால் அவளுக்கு ஒரு வாடிக்கை போகும். அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கொடுத்தாள். பத்து ரூபாய்க்கு நியாயம் கேட்டவன் அந்த ஒரு பிடி விதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கீரை வந்தது. நன்றாகவே வந்தது. நான் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதி வந்தேன். ஒரு மாதத்தில் பறித்தது பதினோரு கட்டு. கைச்செலவு 1,140 ரூபாய். அது போகட்டும், மண்வெட்டியும் கம்பி வலையும் பல வருஷத்துக்கு வரும். வேலை செய்த நேரத்தைக் கூட்டினேன். தண்ணீர் சுமந்தது, களை பிடுங்கியது, புழு பொறுக்கியது எல்லாம் சேர்ந்து முப்பது மணிக்குக் குறையவில்லை. கட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம்! அதற்குத்தான் பதினைந்து ரூபாய்க்கு மேல் ஒரு காசும் தரமாட்டேன் என்றேன்.

உடனே நீங்கள் சொல்லலாம்: "நீர் கத்துக்குட்டி. அவள் கைதேர்ந்தவள். உம்முடைய மூன்று மணி அவளுக்குக் கால் மணியாக இருக்கும்." உண்மை. கால் மணி என்றே வைத்துக்கொள்வோம். அதற்குமேல் விடியுமுன் எழுந்து அறுத்துக் கட்டி, பஸ் பிடித்து, தெருத் தெருவாகச் சுமந்து, விற்காத கட்டு வாடுவதைப் பார்த்துக்கொண்டு திரும்புவதும் இருக்கிறதே!

பொருளாதாரம் படித்த ஒரு நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "விலையை நிர்ணயிப்பது சரக்கும் தேவையும். உழைப்பை எண்ணி விலை கொடுப்பது தர்மம், வியாபாரம் அல்ல" என்றார். நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஜவுளிக் கடையில், மருந்துக் கடையில், ஹோட்டலில் நீங்கள் பேரம் பேசுவதுண்டா?" இல்லை என்றார். நானும் பேசுவதில்லை. கண்ணாடி அலமாரிக்குள் அச்சடித்த விலைச் சீட்டோடு இருக்கும் பொருளுக்குச் சத்தம் போடாமல் பணத்தை எடுத்து வைக்கிறோம். விலையை வாயால் சொல்கிறவர்களிடம்தான் நமக்கு நியாயம் கேட்கத் தோன்றுகிறது. சரக்கும் தேவையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எதிரில் நிற்பவரின் பலம்தான் வேறு. மெலிந்தவரிடம் மட்டும் வருகிற நியாய உணர்ச்சிக்கு நியாயம் என்று பெயர் வைக்கலாமா?

இன்னொரு கேள்வி என் மனைவி கேட்டது. "நம் வீட்டிலேயே கீரை வந்துவிட்டதே, இனி அவளிடம் வாங்கப் போவதில்லை. அவள் கொடுத்த விதைக்கு நாம் செய்கிற நன்றி இதுதானா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943-ல் அமெரிக்காவில் சுமார் இரண்டு கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தனவாம். அந்த நாட்டுப் புதுக் காய்கறிகளில் நூற்றுக்கு நாற்பது பங்கு அவற்றிலிருந்து கிடைத்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். அங்கே குடியானவர்கள் போர்முனைக்குப் போயிருந்தார்கள். வீட்டுத் தோட்டம் அவர்கள் விட்டுப் போன வேலையை ஏற்றுக்கொண்டது. டால்ஸ்டாய் பண்ணையோ சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டது. இரண்டிலும் ஒருவர் சுமையை மற்றவர் பங்கிட்டுக்கொண்டார்கள். யார் முகத்திலும் விழிக்காமல் இருப்பதற்காக நான் மட்டுமே தோட்டம் போட்டேன்.

தோட்டத்தை நான் விட்டுவிடவில்லை. கிணற்றடி ஈரக்காற்றில் பறித்த கீரைக்கு உள்ள ருசியை விட்டுவிட எனக்கு மனமில்லை; வயிற்றுக்கும் அது நல்லது. ஆனால் அது எனக்குத் தன்னிறைவைத் தந்துவிட்டது என்று இப்போது சொல்வதில்லை. பிறரிடம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பதை அது தினமும் காட்டுகிறது. வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பாத்தியில் பறிக்கிறோம். மற்ற நாட்களில் கீரைக்காரம்மாவிடம் வாங்குகிறோம். அவள் சொன்னது விலை.

இதனால் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். போன வாரம் அவள் வாசலில் கூடையை இறக்கி, "இன்னிக்கு நெறைய வெளைஞ்சிருக்கு ஐயா, பதினஞ்சு குடுங்க, போதும்" என்றாள். அவளாகவே குறைத்துச் சொல்கிறாள். என் நாக்கு என்ன செய்தது தெரியுமா? "பத்துக்குக் கொடும்மா" என்று சொல்ல எழுந்தது. பல வருஷத்துப் பழக்கம். சட்டென்று வாயை மூடிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பிறகு பதினைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கீரையோடு உள்ளே வந்தேன்.