வருத்தத்துக்கு என்ன பெயர்?

எங்கள் பக்கத்தில் ஒருவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி "இப்ப எப்பிடி?" என்பதல்ல. "என்ன வருத்தமாம்?" என்பதுதான். பெயரைச் சொல்லிவிட்டால் வந்தவருக்கு ஒரு நிம்மதி. அந்தப் பெயருக்குரிய அனுதாபம், அந்தப் பெயருக்குரிய பத்தியம், அந்தப் பெயரில் மௌத்தானவர்களின் பட்டியல் எல்லாமே அவரிடம் ஆயத்தமாக இருக்கும். ஒன்பது வருடங்களாக இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லாதவனாக நான் இருந்து வருகிறேன். நோய்க்கு ஒரு பெயர் வேண்டுமென்று நாம் தவிப்பது எதற்காக? சுகப்படுவதற்காகவா, அல்லது மற்றவர்களால் நம்பப்படுவதற்காகவா? இந்த ஐயத்தைத்தான் இங்கு எழுத விரும்புகிறேன்.

2016ஆம் ஆண்டு, பெரும்போக வெட்டு முடிந்திருந்த நேரம். வயல்களில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. தரம் ஒன்பதுக்குத் தமிழ்ப் பாடம். பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியை உரத்து வாசித்துக்கொண்டிருந்தவன் நடு வரியில் நின்றுவிட்டேன். உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது. நெஞ்சுக்குள் யாரோ ஒரு கயிற்றைச் சுருக்கிட்டு இழுப்பதைப் போல. பிள்ளைகள் நான் அர்த்தம் விளங்கப்படுத்துவதற்காக நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்துப் பென்சிலோடு காத்திருந்தார்கள்.

அதன் பிறகு எனக்குக் கிடைத்த பெயர்கள் பல. டிஸ்பென்சரியில் 'வீசிங்' என்றார்கள். உம்மா பார்த்த மாத்திரத்தில் 'முட்டு' என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த சக ஆசிரியர் 'தொய்வு' என்றார். பரிசாரியார் நாடி பிடித்து, கபம் என்றார். ஒரு தனியார் வைத்தியர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இதயத்தில் பிழையில்லை, வயிற்றுப் புளிப்பு மேலே வருகிறது என்றார். மூத்தம்மா கண்ணூறு என்று தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். அதையும் குடித்தேன். கடைசியாக நகரத்தில் ஒரு பெரிய வைத்தியர், என் முகத்தை ஏறிட்டும் பாராமல், "டென்ஷன் மாஸ்டர், லீவு போட்டுட்டு ரெஸ்ட் எடுங்க" என்றார். அவருடைய அறையில் நான் இருந்தது மூன்று நிமிடம். வெளியில் காத்திருந்தது நான்கு மணித்தியாலம்.

இவற்றில் எது என்னை மிகவும் நோகடித்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் கசத்துக்காகச் சளி பரிசோதிக்கக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், ஆசிரியர் அறையில் என் தேநீர்க் கோப்பை தனியாக வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அதுகூட அவ்வளவாக நோகவில்லை. பயத்துக்கு ஒரு நியாயம் உண்டு. கசம் இல்லை என்று முடிவு வந்த பிறகு நடந்ததுதான் நொந்தது. "அப்ப ஒண்டும் இல்லியே" என்றார்கள். ஒன்றும் இல்லை! இரவு இரண்டு மணிக்குக் கட்டிலில் குந்தியிருந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றுக்காக வாயைத் திறந்து மூடுகிற மனிதனுக்கு ஒன்றும் இல்லையாம். லீவு விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில் 'மூச்சுத் திணறல்' என்று எழுதினால், "அது வருத்தமில்ல, வருத்தத்திட அடையாளம். மெடிக்கல்ல பேர் வேணும்" என்று திருப்பித் தந்தார்கள்.

இதை நான் குற்றச்சாட்டாக எழுதினால் நேர்மையாகாது. ஏனெனில் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்.

ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறி, முதல் நியமனம் பெற்ற காலம் அது. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தரம் எட்டுப் பையன் ஒருவன் இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டு, முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு, "சேர், மூச்சு வருதில்ல" என்றான். வெய்யிலுக்குப் பயந்து நடிக்கிறான் என்று எனக்குத் திடமாகத் தெரிந்தது. 'திடமாக' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். "என்னடா வருத்தம் ஒனக்கு? பேரச் சொல்லு பாப்பம்" என்றேன். அவனுக்குப் பெயர் தெரியவில்லை. மற்றப் பையன்கள் சிரித்தார்கள். இன்னொரு சுற்று ஓட வைத்தேன். ஓடி முடித்து, தண்ணீர்க் குழாயடியில் போய் வெகுநேரம் குந்தியிருந்தான். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நடந்திருக்கலாம். அந்த நாள் வரையில், பெயரில்லாத ஒரு வேதனை உண்மையாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பெயர் தேவையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் என்பது ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தெடுக்கும் கருவி. பெரியம்மையையும் சின்னமுத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்த காலத்தில் அவற்றை வேறுபடுத்தி ஒரு நூலே எழுதினார் அபூபக்ர் அர்ராஸி. ரோசாப் பூ மலரும் காலத்தில் மட்டும் ஒருவருக்கு மூக்கடைப்பும் நீர்வடிதலும் ஏன் வருகின்றன என்பதைப் பற்றியும் அவர் தனியாக எழுதியிருக்கிறார். எந்தப் பூ, எந்தப் பருவம் என்று பார்த்த அந்தக் கண்தான் மருத்துவத்தின் கண். இதயம் பலவீனப்பட்டும் மூச்சு வாங்கும், நுரையீரல் சுருங்கியும் மூச்சு வாங்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. பெயர் பிழைத்தால் மருந்து பிழைக்கும்.

ஆனால் எல்லா நோயும் ஒரே விதமாகப் பெயருக்குக் கட்டுப்படுவதில்லை. கசத்துக்கு ஒரு கிருமி இருக்கிறது. 1882இல் றொபேட் கொக் அதைக் கண்டு சொன்னார். கண்ணாடித் தகட்டில் சாயமேற்றி, இதோ என்று காட்டலாம். ஆஸ்துமாவுக்கு அப்படிக் காட்ட ஒரு பிராணி இல்லை. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இளைத்தல் என்பதற்கு மேல் பொருளில்லை. நமது 'ஈளை'யும் 'முட்டு'ம் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது, வேதனையின் சத்தத்தையே பெயராக்கிவிடுகிறது. அறபியில் 'ரப்வு' என்பார்கள். மூஸா இப்னு மைமூன் ஏறத்தாழ 1190இல் எகிப்திலிருந்து ஒரு பிரமுகருக்காக இதைப் பற்றி அறபியில் ஒரு நூல் எழுதினார். அதில் பெரும்பகுதி உணவும் உறக்கமும் காற்றும் பற்றியது. அதாவது அந்த மனிதன் எப்படி வாழ்கிறான் என்பதைப் பற்றியது.

இந்த நோய் அதன் நடத்தையால் அறியப்படுவது. வரும், போகும், இரவில் கூடும், புகையில் கூடும், மருந்தில் தணியும். 1846இல் ஜோன் ஹச்சின்சன் என்ற ஆங்கில வைத்தியர் மூச்சை அளக்கும் கருவியைப் பற்றி எழுதினார். அதன் பேரப்பிள்ளை போன்ற ஒரு கருவியில்தான் என்னையும் ஊதச் சொன்னார்கள். முதற் செக்கனில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அளந்து, சல்பியூட்டமோல் உறிஞ்சக் கொடுத்து, கால் மணித்தியாலம் இருத்தி, மறுபடியும் ஊத வைப்பார்கள். 12 வீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால் சுருங்கிய குழாய் விரிந்திருக்கிறது என்று கொள்வார்கள். நான் போன நாள் நல்ல மழை பெய்து ஓய்ந்த நாள். மூச்சு தாராளமாக வந்தது. றிப்போட்டில் எல்லாமே சரி! வருத்தம் என்னைக் கைவிட்ட ஒரே நாளில் நான் அதற்குச் சாட்சி சொல்லப் போயிருந்தேன்.

ஒரு பிள்ளையின் குணத்தை ஒரேயொரு பரீட்சைத் தாளை வைத்து எழுதிவிட முடியுமா? வருட இறுதியில் தேர்ச்சி அறிக்கையில் 'நன்று', 'முயற்சி போதாது' என்று கிறுக்கிக்கொண்டு போகிற எனக்கு அன்றுதான் அந்தக் கிறுக்கலின் பாரம் விளங்கியது.

அந்த றிப்போட்டைப் பார்த்த இளம் டொக்டர், ஒரு சிங்களப் பெண்பிள்ளை, கொச்சையான தமிழில் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "எனக்கி இன்னும் தெரியாது சேர். ஆனா சேருக்கி கஷ்டம் இருக்கிது, அது தெரியும்." கிளினிக் கொப்பியில் 'ஆஸ்துமா' என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அதுவரை எனக்குக் கிடைத்த பெயர்களில் உண்மைக்கு மிகக் கிட்ட இருந்தது அந்தக் கேள்விக்குறிதான் என்பேன். நிச்சயமில்லாத ஒரு பெயரை நிச்சயம் போலக் கொடுத்து நோயாளியை அனுப்பிவிடுவது இரக்கம் என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்த இரக்கம் வைத்தியர் தன்மீது காட்டிக்கொள்வது. 'டென்ஷன்' என்று எழுதப்பட்டதன் பிறகு இரண்டு வருடம் யாரும் என் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கவில்லை. பிழையான பெயர் கதவைச் சாத்திவிடுகிறது. 'தெரியாது' என்பது, அதோடு கூட 'ஆனால் நம்புகிறேன்' என்ற வார்த்தையும் வருமானால், கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்த இரண்டாவது வார்த்தை இல்லாத 'தெரியாது' வெறும் கைவிரிப்புத்தான்.

இந்த இடத்தில் இமாம் கஸ்ஸாலியின் கதையைச் சிலர் எனக்கு ஞாபகமூட்டியதுண்டு. 1095இல், பக்தாதின் நிழாமிய்யாவில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவருக்கு நா எழவில்லை. உணவும் இறங்கவில்லை. வைத்தியர்கள் இது உள்ளத்தில் இறங்கிய நோய் என்று சொல்லி மருந்தைக் கைவிட்டார்கள். இதை அவரே தமது 'அல்முன்கித்' என்ற நூலில் எழுதியிருக்கிறார். வகுப்பறையில் வாய் அடைத்துப்போன ஒரு வாத்தியாரின் கதை என்பதால் எனக்கு அது மிகவும் நெருக்கமானது. ஆயினும் "பார்த்தீங்களா மாஸ்டர், எல்லாம் மனசுதான்" என்று முடிப்பதற்கு அதை எடுத்துக்காட்டுவது முறையல்ல. கஸ்ஸாலியின் வைத்தியர்கள் அவர் நடிக்கிறார் என்று சொல்லவில்லை. நோய் இருக்கிறது, அதன் இடம் வேறு என்றார்கள். உள்ளத்தின் நோய் என்பதை 'ஒன்றுமில்லை' என்பதற்கு மறுபெயராக்கியது நாம்.

றமழான் வரும்போது இந்தப் பிரச்சினை இன்னொரு முகம் காட்டும். இன்ஹேலர் பாவித்தால் நோன்பு முறியுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை நான் தீர்க்க முற்படவில்லை. நோயாளிக்குச் சலுகை உண்டு என்பதில் வேறுபாடில்லை. ஆனால் நான் நோயாளியா? எங்கள் மௌலவியிடம் கேட்டேன். "நம்பிக்கையான டொக்டர் சொல்லணும், இல்லாட்டி ஒங்கட அனுபவத்தில ஒங்களுக்கே தெரியணும்" என்றார். டொக்டர் கேள்விக்குறி போட்டிருக்கிறார். மிஞ்சியது என் அனுபவம். அஸருக்குப் பிறகு நெஞ்சு இறுகத் தொடங்கும்போது, இது தாங்கக்கூடியதா, இல்லை நான் சோம்பல்படுகிறேனா என்று எனக்குள்ளேயே விசாரணை நடக்கும். சாட்சியும் நான், சந்தேகிப்பவனும் நான், தீர்ப்புச் சொல்பவனும் நான். சில நாட்கள் திறந்துவிட்டு, கழாச் செய்யக் குறித்துவைப்பேன். சில நாட்கள் வீம்புக்குப் பிடித்து, மஃரிபுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி ஆவி பிடித்துக்கொண்டு கிடப்பேன். அப்படிப் பிடித்த நோன்புகள் இறைவனுக்காகவா, "மாஸ்டருக்கு ஒண்டுமில்ல" என்று சொல்பவர்களுக்குப் பதிலாகவா என்று கேட்டால் என்னிடம் விடையில்லை.

டொக்டர் ஒரு சிறிய ஊதுகுழாய்க் கருவியைக் கொடுத்து, காலையும் மாலையும் ஊதி எண்ணைக் குறித்துவரச் சொன்னார். வரவுப் பதிவேடு எழுதிப் பழகிய கை, ஒரு நாள்கூடத் தவறவில்லை. 430, 410, 320, 290, 400. நுளம்புத்திரி கொளுத்திய இரவுகளின் மறுகாலை எண் விழும். வைக்கோல் எரிந்த நாட்களிலும் விழும். பழைய விடைத்தாள்களை அடுக்கிவைத்திருக்கும் அறையைத் துப்புரவாக்கிய அன்று விழுந்தது போல் என்றும் விழுந்ததில்லை. திரியை நிறுத்தி நுளம்பு வலைக்குள் படுக்கிறோம். தினமும் உறிஞ்சும் மருந்து ஒன்றும் தந்திருக்கிறார்கள். இரவுகள் முன்னரைவிடப் பரவாயில்லை. கொப்பியில் கேள்விக்குறி மட்டும் இன்னும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஏதோ பழைய தழும்பு தெரிவதாகவும், முழுவதும் ஆஸ்துமாதான் என்று இன்னும் சொல்ல முடியாதென்றும் போன முறை சொன்னார்கள்.

சென்ற வருடம் ஓர் இரவு நிலைமை மோசமாகி, மகன் தெருவுக்கு ஓடிப்போய் ஒரு ஓட்டோவைக் கூட்டி வந்தான். ஓட்டிய ஆளின் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என்னைத் தாங்கி இறக்கும்போது, "சேர், மெல்ல மெல்ல மூச்ச விடுங்க, பயப்பிடாதீங்க. எனக்கும் சின்னல்ல வாறதான்" என்றார். குழாயடியில் குந்தியிருந்த பையன்தான். கூலி வாங்க மறுத்துவிட்டார். சுகமாகி வந்து ஒரு கிழமை கழித்துச் சந்தியில் கண்டு, மாப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போய், வாய் வராமல், "ஒனக்கு அது என்ன வருத்தம் எண்டு பிறகு கண்டுபுடிச்சாங்களா மகன்?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல சேர்" என்றார். "உம்மா ஆரயும் காட்டல்ல. நீங்க எல்லாரும் சொன்ன மாதிரி கள்ளம் எண்டுதான் அவவும் நெனச்ச."