பசியறியா நாவு

1937ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையின் உணவு வழங்கல் அதிகாரியான கேப்டன் பால் லோகன், ஹெர்ஷி நிறுவனத்திடம் விந்தையான வேண்டுகோள் ஒன்றை வைத்தார். நான்கு அவுன்ஸ் எடையுள்ள சாக்லேட் கட்டி வேண்டும்; வெயிலில் உருகலாகாது; ஆற்றல் மிகுந்திருக்க வேண்டும்; சுவையோ அவித்த உருளைக்கிழங்கைவிடச் சற்றே மேம்பட்டிருந்தால் போதும். சுவை மிகுந்தால், ஆபத்து வருமுன்னரே வீரன் அதனைத் தின்று தீர்த்துவிடுவான் என்பதே காரணம். ஏறத்தாழ 600 கலோரி கொண்ட அக்கட்டி உயிரைக் காக்கப் பிறந்தது. நாவை மகிழ்விக்க அன்று.

இத்தகைய பழைய படை உணவுகளைத் தேடிப் பிடித்துச் சுவைத்துப் பார்ப்போர் இன்று பலர். கல்லெனக் காய்ந்த பிஸ்கட்டையும் அரை நூற்றாண்டு கடந்த இறைச்சி டின்னையும் அவர்கள் ஆவலுடன் திறக்கின்றனர். கெட்டுப்போன டின்னில் உறையும் நஞ்சு நாவுக்கும் மூக்குக்கும் புலப்படாமலே கொல்லக்கூடியது. அதனை அறிந்தும் கை நீள்கிறது. ஏன்?

வெறும் விளையாட்டு என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. வரலாற்றை நூலில் படிக்கலாம், காட்சிசாலையில் காணலாம். உணவு ஒன்றே உடலுக்குள் புகுகிறது. மறைந்த வீரனின் கைப்பையில் கிடந்ததை உண்டால் அவனருகே ஒரு கணம் அமரலாம் என்று மனிதன் நம்புகிறான். நம்பிக்கை உயர்ந்ததே. ஆயின் அது நிறைவேறுமா?

1941ஆம் ஆண்டின் இறுதியில், முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட் நகரில், உழைப்பாளர் அல்லாதார்க்கு நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டியே கிட்டியது. மாவுடன் வேறு பல கலந்த அந்த ரொட்டியை அவர்கள் துகள் சிந்தாமல் உண்டனர். அதே ரொட்டியை வயிறு நிறைந்தவன் துப்பிவிடுவான். பண்டம் ஒன்றே, உண்பவன் வேறு.

தொலைவிலுள்ள நகரம் எதற்கு? 1942 முதல் 1945 வரை, சப்பானியர் ஆட்சியில், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே பலரின் உயிரைப் பிடித்து வைத்தது. அக்கிழங்கை இன்று தேங்காய்த் துருவலுடன் பேரப்பிள்ளைகள் விரும்பி உண்கின்றனர். அன்று அதனை உண்டே வாழ்ந்த முதியவர் ஒருவர் தட்டைத் தள்ளி வைத்தால், அவர் தள்ளுவது கிழங்கையா, அந்நாள்களையா? அவர் நாவில் இருப்பது பேரனுக்குக் கிட்டாது. கிட்டாதிருப்பது பேரனின் குற்றமன்று. முதியவர் வேண்டியதும் அதுவே.

ஆகவே, பழம்படை உணவைச் சுவைப்பது தவறன்று. சுவைத்ததனால் அறிந்துவிட்டோம் என்று எண்ணுவதே தவறு. ஒரு கடி கடித்து முகம் சுளித்துச் சிரிப்பவன் பண்டத்தை மட்டுமே அறிந்தான். இதையும் வேண்டி நின்றவன் எத்துணைப் பசித்திருப்பான் என்று ஒரு கணம் வாய் மூடி நிற்பவன், தன் நாவின் எல்லையை அறிந்தான்.

திறக்கப்படாமலே பழமையாகிப்போன ஒவ்வொரு டின்னும் எவனோ ஒருவன் அதனை உண்ண நேரவில்லை என்பதற்குச் சான்று. அவன் வீடு திரும்பியிருக்கலாம், திரும்பாமலே வீழ்ந்துமிருக்கலாம். டின் அதனைச் சொல்வதில்லை. திறப்பவன் அதனை எண்ணிய பின்னரே திறத்தல் முறை.