கருவியும் அறமும்: திறன்பேசி நுகர்வில் வாங்குவோர் பொறுப்பு

முன்னுரை

கருவிகளைப் பற்றிய அறச்சிந்தனை பெரும்பாலும் அவற்றைப் பயன்படுத்தும் முறையைப் பற்றியதாகவே அமைந்துள்ளது. கத்தி காய் அரியவும் உதவும், கொலை செய்யவும் உதவும் என்பது வழக்கமாகக் காட்டப்பெறும் சான்று. ஆயின் ஒரு கருவி கைக்கு வருமுன் கடந்து வந்த வழியும், கையை விட்டு நீங்கிய பின் சென்றடையும் இடமும் அதனைப் பயன்படுத்துவோரின் அறத்தோடு தொடர்புடையனவா என்னும் வினா மிகுதியாக எழுப்பப்படுவதில்லை. இவ்வினாவைத் திறன்பேசியை முன்னிறுத்திப் பெங்களூருவின் சூழலில் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

நரசாபுரம் நிகழ்வு

பெங்களூருவுக்குக் கிழக்கே, கோலார் மாவட்டத்து நரசாபுரம் தொழிற்பேட்டையில், தைவான் நாட்டு விஸ்ட்ரான் நிறுவனம் ஆப்பிள் நிறுவனத்திற்காகத் திறன்பேசிகளை உருவாக்கும் ஆலையை நடத்தி வந்தது. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் அவ்வாலைத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர், ஆலை பெருஞ்சேதமுற்றது. ஊதியம் உரிய காலத்தில், உரிய அளவில் வழங்கப்படவில்லை என்பதே அவர்தம் முறையீடு. அவர்களுள் பெரும்பாலோர் ஒப்பந்த நிறுவனங்களின் வழியே பணியமர்த்தப்பட்டவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். சில நாள்களில் விஸ்ட்ரான் நிறுவனம், ஊழியர் சிலருக்கு ஊதியம் முறையாக வழங்கப்படவில்லை என்பதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. குறைகள் களையப்படும்வரை அந்நிறுவனத்திற்குப் புதிய பணி தருவதில்லை என ஆப்பிள் அறிவித்தது.

அடுத்த ஆண்டு டிசம்பரில், திருப்பெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள், விடுதி உணவால் பலர் நோயுற்றதைத் தொடர்ந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். இவ்விரு நிகழ்வுகளும் திறன்பேசியின் பின்னுள்ள உழைப்பைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொணர்ந்தன. வன்முறையை நியாயப்படுத்துதல் இயலாது. எனினும் அதற்கு முன் நிகழ்ந்த அநீதி வன்முறையால் இல்லாமற் போய்விடுவதுமில்லை.

வாங்குவோர்க்கும் பங்குண்டா?

‘ஊதியத்தை நிறுத்தி வைத்தவர் ஆலை முதலாளி, விலை கொடுத்து வாங்கியவர்க்கு அதில் என்ன பங்கு?’ என்னும் எதிர்வாதம் இயல்பாகவே எழும். இவ்வாதம் தமிழ் மரபிற்குப் புதியதன்று. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் இதனை நேராக எதிர்கொள்கிறது. கொன்றவர் ஒருவர், விலைக்கு வாங்கி உண்பவர் மற்றொருவர் என்னும் பிரிவினையை வள்ளுவர் ஏற்பதில்லை. உண்பவர் வேட்கையே விற்பவர் தொழிலுக்கு அடிப்படை என்பது அவர் காட்டும் காரண காரியத் தொடர்பாகும். நுகர்வோர் பொறுப்பு என இன்று பேசப்படும் கருத்தின் சாரம் இதுவே எனலாம்.

ஆயினும் இவ்வொப்புமையை ஓர் எல்லைக்கு மேல் கொண்டு செல்ல இயலாது. புலாலைத் துறந்தும் ஒருவர் வாழ இயலும். திறன்பேசியோ வங்கிப் பணி, அரசுச் சேவை, வேலைவாய்ப்பு என அனைத்திற்கும் வாயிலாகிவிட்டது. பெங்களூரு வீதிகளில் உணவு கொண்டு சேர்க்கும் இளைஞர்க்கு அதுவே தொழிற்கருவி. அவரைத் துறவு பூணச் சொல்வது அறமன்று. மேலும், மக்கள் வாங்க மறுப்பின் முதலில் வேலை இழப்பவர் ஆலைத் தொழிலாளரே ஆவர். எனவே முழு மறுப்பு என்னும் வழி இங்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

தேர்வின் எல்லை

அவ்வாறாயின், நல்ல பொருளைத் தேர்ந்து வாங்கலாமே எனத் தோன்றும். இந்நோக்குடன் 2013-இல் நெதர்லாந்தில் ஃபேர்ஃபோன் நிறுவனம் தொடங்கப்பட்டது. எளிதில் கழற்றிப் பழுதுநீக்கத்தக்க பேசிகளை அது வெளியிட்டு வருகிறது. ஆயினும் ஒரு திறன்பேசிக்குரிய கனிமங்கள் பல நாடுகளிலிருந்து பெறப்படுகின்றன. மின்கலத்திற்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்குச் சிறுவர் உழைப்பு இருப்பதை 2016-இல் அம்னெஸ்டி அமைப்பின் அறிக்கை வெளிப்படுத்தியது. இத்தகைய நீண்ட தொடரில் முற்றிலும் மாசற்ற பேசி என ஒன்றைச் சுட்டுதல் அரிது.

பெங்களூருவிலேயே இதற்கு வேறொரு சான்றுண்டு. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் இணைந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினி எளிய மக்களை எண்ணி வடிவமைக்கப்பட்டதாகும். ஒரே கருவியைச் சிற்றூரார் பலர் தத்தம் அட்டையைச் செருகிப் பகிர்ந்து பயன்படுத்தலாம் என்பது அதன் அடிப்படை எண்ணம். 2004-இல் விற்பனைக்கு வந்தும் அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. தனியுடைமையாகும் மலிவான செல்பேசி அவ்விடத்தைப் பிடித்தது. நல்லெண்ணம் மட்டும் ஒரு கருவியை நிலைநிறுத்திவிடாது என்பதும், கடையில் நிற்கும் ஒருவரது தேர்வு சந்தையால் முன்னரே வரையறுக்கப்பட்டுவிடுகிறது என்பதும் இதனால் புலனாகின்றன.

வாங்கிய பின்னுள்ள அறம்

வாங்கும் பொழுதில் தேர்வு குறுகியதாயினும் வாங்கிய பின் அது விரிகிறது. ஒரு திறன்பேசி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரிமப் பாதிப்பின் பெரும்பகுதி அதன் உற்பத்தியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆதலின் இரண்டாண்டில் மாற்றுவதை நான்காண்டாக நீட்டித்தல் எளியதாயினும் பயனுடைய செயலாகும். பெங்களூரு எஸ்.பி. சாலையின் சிறு கடைகளில் பழுதுநீக்குவோர் இவ்வறத்திற்குத் துணை நிற்பவர் எனில் மிகையாகாது. உதிரிப்பாகமும் பழுதுநீக்கும் குறிப்பும் அவர்க்குக் கிடைக்க வேண்டும் என்பதே பழுதுநீக்கும் உரிமை என்னும் கோரிக்கை. இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறை 2022-இல் இதற்கெனக் குழு அமைத்தது குறிப்பிடத்தக்கது.

பயன் தீர்ந்த கருவியின் நிலையும் எண்ணத்தக்கது. முறைசாராப் பட்டறைகளில் மின்சுற்றுப் பலகைகளை அமிலத்திலிட்டுப் பொன்னும் செம்பும் பிரிப்போர் நச்சுப்புகையைச் சுவாசிக்கின்றனர். கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்னும் நெறியை 2011-ஆம் ஆண்டு விதிகள் கொணர்ந்தன. 2016, 2022 ஆண்டுகளின் விதிகள் அதனை விரித்தன. எனினும் பழைய பேசியை ஒப்புதல் பெற்ற நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டியவர் அதனை வைத்திருப்பவரே ஆவர்.

முடிவுரை

நீண்டநாள் பயன்படுத்துவதால் மட்டும் நரசாபுரத் தொழிலாளிக்கு நிலுவை ஊதியம் வந்து சேர்ந்துவிடாது. அதனைப் பெற்றுத் தர வல்லவை சட்டமும் தொழிற்சங்கமுமே. 2023-இல் கருநாடகச் சட்டமன்றம் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு தமிழகத்தில் நிறைவேறிய ஒத்த திருத்தம் எதிர்ப்பின் விளைவாகத் திரும்பப் பெறப்பட்டது. வாங்கும் இடத்தில் இல்லாத ஆற்றல் குடிமக்களாக நிற்கும் இடத்தில் உண்டு என்பதை இது காட்டுகிறது. ஆகவே திறன்பேசியை வைத்திருத்தல் குற்றமன்று. அதன் வழியை அறிந்தும் ‘எனக்கென்ன’ என்று அமைதல் குற்றமாகும். தேர்வு குறையும் இடத்தில் கடமை குறைவதில்லை. அது வாங்குவதிலிருந்து பேணுவதற்கும், பேணுவதிலிருந்து குரல் கொடுப்பதற்கும் இடம் பெயர்கிறது.