கிணறும் கயிறும்

அறிவு கொடுக்கக் குறையாது என்பதை மேடைகள்தோறும் கேட்டு வருகிறோம். உண்மையே. ஆயினும் அறிவைக் கொண்டுசேர்க்கும் வழிக்குச் செலவு உண்டு. ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்கு ஊதியம் வேண்டும். ஓதும் பிள்ளைக்கு உணவு வேண்டும். கிதாபுக்குக் காகிதம் வேண்டும். இன்று கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் பாடங்களைப் படம் பிடித்து, கணிப்பொறியின் வழியே மாணவருக்கு அளிக்கும் திட்டங்கள் பெருகியுள்ளன. அவற்றுக்குப் பதிவுக் கூடமும் கருவிகளும் பணியாட்களும் வேண்டும். இச்செலவில் பெரும்பகுதியைப் பொதுப் பணத்திலிருந்து அரசோ, அறக்கட்டளைகளோ தருகின்றன.

அவ்வாறாயின், உருவான பாடம் யாருடையது? சொல்லிக் கொடுத்த ஆசிரியருடையதா? இடம் கொடுத்த கல்லூரியுடையதா? பணம் கொடுத்த மக்களுடையதா? இதைச் சட்டம் படித்தோர் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட முடியாது. இது மனச்சாட்சியைத் தொடும் வினா. என் மனச்சாட்சியை அது தொட்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது அரபு கற்பித்துவந்த ஒரு கல்லூரிக்கு இத்தகைய மானியம் கிடைத்தது. நஹ்வு எனப்படும் அரபு இலக்கணத்தை முப்பது பாடங்களாகப் பகுத்துத் தமிழில் விளக்கினேன், பதிவு செய்தார்கள். பணி முடிந்த நாளில், இவற்றை எல்லாரும் காணும்படி வைப்பதா, நம் மாணவருக்கு மட்டும் கடவுச்சொல் கொடுப்பதா என்று பேச்சு எழுந்தது. "நம்மோடு இருக்கட்டும்" என்றார் பொறுப்பாளர். நான் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமன்று, உள்ளூர மகிழவும் செய்தேன். பாடம் ஊரெங்கும் பரவிவிட்டால் என்னை யார் தேடி வருவார் என்ற அச்சம் ஒருபுறம். என் பிழைகளைப் பெரிய ஆலிம்கள் கண்டுவிடுவார்களே என்ற கூச்சம் மறுபுறம்.

இரண்டாண்டு கழிந்து மானியக் காலம் முடிந்தது. அப்போது, திருமணமானதால் படிப்பை இடையில் நிறுத்திய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "ஹஜ்ரத், அந்தப் பாடங்களை வீட்டிலிருந்தே பார்த்து மீதியை ஓதி முடிக்கலாமா?" என்று கேட்டாள். அவளுடைய கடவுச்சொல் நீக்கப்பட்டிருந்தது. நானே கல்லூரிக்குச் சென்று பிரதி கேட்டேன். பதிவுகள் இருந்த வட்டு பழுதாகித் திறக்க மறுத்தது. அதைப் பார்த்துக்கொண்ட இளைஞர், மானியத்தோடு வேலையும் முடிந்து வெளியூர் சென்றுவிட்டார். வேறு பிரதி எடுத்து வைக்க எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. செய்தியைச் சொன்னபோது அவள், "பரவாயில்லை ஹஜ்ரத்" என்றாள். அவள் வீட்டில் வாங்கிய சோப்புக்கும் எண்ணெய்க்கும் கட்டிய வரியும் அந்த மானியத்தில் சேர்ந்திருந்தது. தன் பங்கை அவள் என்னிடம் உதவியாகக் கேட்டாள். அதைக் கொடுக்க என் கையில் ஒன்றும் இல்லை.

இந்த வினாவுக்கு ஒளி தரும் ஒரு வரலாறு நம்மிடம் உண்டு. உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட மேலான செல்வம் தமக்கு வாய்த்ததில்லை என்று கூறி, அதை என்ன செய்யலாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தருமம் செய்ய வழிகாட்டப்பட்டது. அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகத் தரப்படாது, வாரிசுரிமையாகப் பிரிக்கப்படாது என்று உமர் (ரலி) அவர்கள் விதித்தார்கள். அதைப் பராமரிப்பவர் முறையான அளவில் அதிலிருந்து உண்ணலாம் என்பதையும் சேர்த்தார்கள். மூலம் தனியொருவர் உடைமையன்று, பலன் மக்களுக்குரியது, காப்பவரும் பட்டினி கிடக்கலாகாது. வக்ஃபு என்னும் ஏற்பாடு இம்மூன்று கால்களில் நிற்கிறது. 1067-ல் பக்தாதில் நிஜாமுல் முல்க் திறந்த நிஜாமிய்யா மதரஸாவும், 1091-ல் இமாம் கஸ்ஸாலி அங்கே ஆசிரியராக அமர்ந்தபோது, இத்தகைய வக்ஃபுச் சொத்துக்களின் வருவாயில்தான் நடந்துவந்தது.

பொதுப் பணத்தில் உருவான பாடத்தையும் இதே கண்கொண்டு பார்த்தால் என்ன? அவ்வாறு பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வக்ஃபு என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தவில்லை, அவ்வளவே. பல பல்கலைக் கழகங்கள் இணையப் பாடத்தை விற்றுப் பொருளீட்ட எண்ணிய காலத்தில், 2001 ஏப்ரலில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப் பொருள்களை உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் திறந்து வைப்பதாக அறிவித்தது. ஹியூலட், மெலன் என்னும் இரு அறக்கட்டளைகள் முதற்கட்டமாக 1 கோடியே 10 லட்சம் டாலர் தந்தன. 2002-ல் 50 பாடங்களோடு தொடங்கிய பணி, 2007-ல் 1,800 பாடங்களாக வளர்ந்தது. அதனால் அக்கழகத்தில் இடம் தேடுவோர் குறைந்துவிடவில்லை. பாடம் வெளியே போனால் வகுப்பு காலியாகும் என்ற என் அச்சத்துக்கு இதுவே விடை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. சென்னை கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி. உட்பட ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில், 2003-ல் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. எந்தக் கல்லூரி மாணவரும், கல்லூரியே காணாதவரும் அப்பாடங்களைக் கட்டணமின்றிக் காணலாம். 2014 முதல் சான்றிதழ் விரும்புவோருக்குத் தேர்வு நடத்துகிறார்கள். கட்டணம் அத்தேர்வுக்குத்தான், பாடத்துக்கன்று. பலனைத் திறந்துவிட்டு, நடத்துவதற்கான செலவை வேறு வாயிலில் தேடும் முறை இது.

"ஆசிரியரின் உழைப்புக்கு மதிப்பில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிவுக்கு உழைத்தவருக்கு உரிய ஊதியம் தரப்பட வேண்டும். அவர் பெயரை அழித்துவிட்டுப் பாடத்தை எடுத்தாள்வது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம். மாசசூசெட்ஸ் கழகமும் தன் பாடங்களை நிபந்தனையோடுதான் தருகிறது: எடுப்பவர் மூலத்தைக் குறிப்பிட வேண்டும்; வணிகம் செய்யலாகாது; மாற்றி எழுதினால் அதையும் அதே முறையில் பிறருக்குத் திறந்துவைக்க வேண்டும். வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மதிக்க வேண்டும் என்று ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் ஊதியமும் பெற்று, பெயரும் பெற்று, அதன்மேல் பூட்டும் போடுவதற்கு என்ன நியாயம் இருக்கிறது? எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அச்சம் மட்டுமே இருந்தது.

எனினும் பூட்டைத் திறந்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதும் பிழை. பிரித்தானியாவில் ஜோரம் என்றொரு பொதுக் களஞ்சியம் இருந்தது. பெரிய பருகு கிண்ணம் என்பது அச்சொல்லின் பொருள். கல்லூரி ஆசிரியர்கள் தாம் உருவாக்கிய பாடப் பொருள்களை அதில் இட்டுப் பிறரோடு பகிர்ந்துகொண்டனர். உயர்கல்விக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் ஜிஸ்க் என்னும் அமைப்பு அதற்குப் பணம் தந்துவந்தது. 2016-ல் அக்களஞ்சியம் மூடப்பட்டது. அங்கே பகிரும் மனம் இருந்தது, பொருள் இருந்தது. ஆனாலும் ஒருவர் கையிலிருந்து வரும் பணத்தை நம்பி நிற்கும் கிண்ணம், அக்கை விலகிய அன்று இல்லாமற் போகிறது.

நம் சமுதாயத்தில் கொடையாளர்களுக்குக் குறைவில்லை. கல்லூரிக்குக் கட்டடம் எழுப்பிப் பெயர்க்கல் பதிக்கிறோம். கணிப்பொறிக் கூடம் திறந்து படம் எடுத்துக்கொள்கிறோம். ஐந்தாம் ஆண்டில் அந்தக் கூடத்தின் நிலை என்ன என்று கேட்பவர் அரிது. கிணறு வெட்டியவருக்கு நன்மை உண்டு. ஆனால் கயிறும் வாளியும் இல்லாத கிணற்றின் அருகில் நிற்பவனுக்குத் தாகம் தீர்வதில்லை. ஆகையால் பணம் கொடுப்போர், அரசாயினும் செல்வராயினும், இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்: உருவாகும் பாடம் வெளியாருக்கும் கிடைக்குமா? மானியம் தீர்ந்தபின் அதன் முத்தவல்லி யார், அவருக்கு ஊதியம் எங்கிருந்து வரும்? விடையில்லாத திட்டத்துக்குக் கொடுக்கும் பணம் ஓரிரு ஆண்டுப் பந்தலுக்குக் கொடுத்த பணமே.

மனிதன் இறந்தபின்னும் நின்றுவிடாத நன்மைகளில், பிறர் பயன்பெறும் கல்வியையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னதை நாம் அறிவோம். பிறர் பயன்பெறும் என்ற நிபந்தனையை நான் பல்லாண்டு ஓதிக் கொடுத்தும் கவனிக்கவில்லை. பூட்டிய பேழையில் கிடக்கும் கல்விக்கு அந்தச் சிறப்பு எப்படி வரும்?

இப்போது முப்பது பாடங்களையும் முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கியிருக்கிறேன். பதிவுக் கூடம் இல்லை. என் மகனின் கைப்பேசியும் வீட்டுத் திண்ணையும்தான். ஒவ்வொரு பாடத்தையும் எல்லாரும் காணும்படி வைத்து, வேறு இரண்டிடங்களில் பிரதியும் சேர்க்கிறேன். எனக்குப் பின் அவற்றைக் காக்கும் பொறுப்பை மாணவர் இருவர் ஏற்றிருக்கிறார்கள். பன்னிரண்டு பாடங்கள் முடிந்துள்ளன. எட்டாம் பாடத்தில் ஒரு பிழை இருப்பதை அந்த மாணவி கண்டு எழுதியிருந்தாள். திருத்திவிட்டேன்.