பெயர் மாறினால் பொருள் மாறுமா?

சர்வர், வலைப்பின்னல், தரவுத்தளம் முதலியவற்றைக் கையால் நிறுவாமல், வேண்டியதை எழுதிவைத்தால் அதன்படி கிளவுடில் உருவாக்கித் தரும் மென்பொருள் டெராஃபார்ம். ஹாஷிகார்ப் நிறுவனத்தின் ஆக்கம். நிரலில் எழுதிய எந்தப் பெயர் எந்த சர்வரைக் குறிக்கிறது என்பதை அது 'ஸ்டேட்' கோப்பில் பதிந்துகொள்கிறது. 1.1 பதிப்புக்கு முன்பு, நிரலில் பெயரை மட்டும் மாற்றினாலும் பழைய சர்வரை அழித்துப் புதிதாக ஒன்றை எழுப்பவே அது திட்டமிடும். அதைத் தவிர்க்க ஸ்டேட் கோப்பைத் தனிக் கட்டளையால் திருத்த வேண்டும். 2021 டிசம்பரில் 1.1 பதிப்போடு வந்த 'மூவ்டு' தொகுதி, முன்பு அந்தப் பெயரில் இருந்ததே இப்போது இந்தப் பெயரில் இருக்கிறது என்று நிரலுக்குள்ளேயே அறிவிக்க வழி செய்தது.

மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை அதே பொருள் என்று எதை வைத்துச் சொல்வது? தத்துவத்தில் இது பழைய வழக்கு. நிலைத்த பொருள் எதுவும் இல்லை, கணந்தோறும் அழிந்து பிறக்கும் தொடர் மட்டுமே உண்டு என்றது பௌத்தத்தின் கணபங்கவாதம். உள்ள எதற்கும் தோற்றம், அழிவு, நிலைபேறு மூன்றும் ஒருங்கே உண்டு என்று சமணம் மறுத்தது. மாறுவது பரியாயம், நிற்பது திரவியம். தமிழில் இந்த வாதப்போரைச் சமணக் காப்பியமான நீலகேசி விரிவாக நடத்துகிறது.

கொங்கு நாடு சமணம் தழைத்த மண். பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊராகச் சொல்லப்படும் விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இன்றும் இருக்கிறது. இந்த வழக்குக்கு அவ்வூரே சான்று. 1979 வரை அது கோவை மாவட்டத்தில் இருந்தது. பிறகு பெரியார் மாவட்டம். 1990-களில் ஈரோடு மாவட்டம். 1979-இல் பிறந்தது புதிய மாவட்டம். 1990-களில் மாறியதோ பெயர் மட்டும். முன்னதை ஆக்கம் என்றும் பின்னதைத் தொடர்ச்சி என்றும் மக்கள் எளிதில் பிரித்தறிந்தார்கள். டெராஃபார்முக்கு அந்தப் பகுப்பைக் கற்பிக்கத்தான் மூவ்டு தேவைப்பட்டது.

ஆக, டெராஃபார்ம் சமணத்தின் பக்கம் நிற்பதுபோல் தோன்றும். ஓரளவுக்கே அது சரி. அமேசான் கிளவுடில் ஒரு சர்வரின் டேக்கை மாற்றினால் அதே சர்வர் நீடிக்கும்; எந்த இயங்குதளப் படிமத்திலிருந்து அது எழுந்ததோ அந்தப் படிமத்தை மாற்றினால் பழையது அழிந்து வேறொன்று வரும். எந்த மாற்றத்தைப் பொருள் தாங்கும், எதைத் தாங்காது என்ற எல்லை இங்கே பொருளின் இயல்பில் இல்லை. சேவை தருபவர் வகுத்த விதியில் இருக்கிறது. சமணர் இதை ஒருபோதும் ஏற்றிருக்க மாட்டார்கள்.

2024 ஜனவரியில் வந்த 1.7 பதிப்பின் 'ரிமூவ்டு' தொகுதி இன்னும் ஆழமான இடத்தைத் தொடுகிறது. டெராஃபார்மின் உரிம மாற்றத்தை ஏற்காதவர்கள் 2023-இல் அதிலிருந்து கிளைத்தெடுத்த ஓப்பன்டோஃபுவும் 2024 ஏப்ரலில் இதைச் சேர்த்தது. இதன் வழியே ஒரு பொருளை அழிக்காமலே ஸ்டேட் கோப்பிலிருந்து நீக்கலாம். அறிவுக்கு வெளியே பொருளே இல்லை என்ற விஞ்ஞானவாத பௌத்தருக்கு இப்படியொரு வசதி பொருந்தாது. அறியப்பட்டாலும் அறியப்படாவிட்டாலும் பொருள் உண்டு என்ற சமணருக்கு இது இயல்பானது. ஸ்டேட் மறந்துவிட்ட சர்வர் கிளவுடில் தொடர்ந்து ஓடும். அதன் கட்டணமும் மாதந்தோறும் கணக்கில் ஏறும்.