கவிழ்ந்தவன் படகை விடலாகாது



நமக்கும் கடலுக்கும் வெகு தூரம். நம்முடைய பாலாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத்தான் காண்கிறோம். 2021 நவம்பர் மாதத்து வெள்ளத்தைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தண்ணீரின் பலம் கொஞ்சம் தெரிந்திருக்கும். ஆயினும் இந்த வாரம் படகைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். காரணம் போகப் போக விளங்கும்.

சில மாதங்களுக்கு முன் கோவளத்துக் கார்மேல் மாதா கோவிலுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து கடற்கரைப் பக்கம் வந்தபோது, சில வாலிபர்கள் கயாக் என்னும் சிறு படகை ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் உட்காரத்தக்க, நீண்டு குறுகிய படகு அது. இரண்டு முனையிலும் மட்டையுள்ள ஒரே துடுப்பு. வடதுருவத்தை அடுத்த குளிர் நாட்டு மக்கள் ஆதியில் மிருகத் தோலால் செய்து கொண்டதை, இப்போது பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார்கள்.

எனக்கு ஆச்சரியமாயிருந்தது என்னவென்றால், கற்றுக் கொடுப்பவர் துடுப்புப் போடுவதை அப்புறம் வைத்துக்கொண்டு, முதலில் படகை வேண்டுமென்றே கவிழ்க்கச் சொன்னார்! பிறகு ஏறுகிற வித்தையைக் காட்டினார். படகை ஒரு கையும் துடுப்பை ஒரு கையும் விடாமல் பிடிக்க வேண்டும். குப்புறக் கிடக்கும் படகின் மறுபக்கத்தைக் குறுக்கே எட்டிப் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும். அதன்பின் காலை நேரே கீழே தொங்கவிட்டுக்கொண்டு எம்பினால் காரியம் ஆகாது. படகு மறுபடியும் நம் தலைமேல் கவிழும். காலைப் பின்னுக்கு உதைத்து, உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கிடத்தி, மார்பைப் படகின்மேல் போட்டு, வயிற்றால் ஊர்ந்து, அப்புறம் புரண்டு உட்கார வேண்டும். பார்வைக்கு அழகான காரியமல்ல. கம்பீரமாய் ஏறப் பார்த்த ஒரு பிள்ளை மூன்று தரம் விழுந்தான். தாமதிப்பதும் ஆபத்து, ஒவ்வொரு நிமிஷமும் கை சோர்ந்து போகும்.

பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "நீங்கள் கட்டுமரத்தில் போன காலத்திலும் இப்படித்தானா?" என்று கேட்டேன். இப்போது பைபர் படகுகள் வந்து கட்டுமரம் குறைந்துவிட்டது. ஆனாலும் அவர் மறக்கவில்லை. அலை உடைகிற இடத்தில் மரம் புரளாத நாளே கிடையாதாம். கயிற்றால் சேர்த்துக் கட்டின மரங்கள்தானே, அது மூழ்காது. புரட்டிப் போட்டு ஏறிக்கொள்வார்களாம். "கரை கிட்டத்தானே இருக்குதுன்னு மரத்த வுட்டுட்டு நீந்தனவன்தான் சாமி போனான்" என்றார்.

அந்த வார்த்தை என்னோடு வாலாஜாபாத் வரைக்கும் வந்தது. ஏனென்றால் அதற்கு முந்தின வாரம் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் வழியில் என்னைக் கண்டு, திரும்பிப் போகப் பார்த்தார். (இது தெருவில் பேசினது, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதாய் யாரும் எண்ண வேண்டாம். அது என்னோடு கல்லறைக்குப் போகும்.) குடியை விட்டு எட்டு மாதம் நன்றாயிருந்தவர், மறுபடி விழுந்துவிட்டார். நான் கூப்பிட்டேன். "எந்த மூஞ்சிய வச்சிக்கினு கோவிலுக்கு வர்றது சாமி? கொஞ்சம் திருந்திட்டு அப்பறமா வர்றேன்" என்றார்.

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் யோசித்துப் பாருங்கள்: படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தி, அங்கே ஈரத்தைத் துவட்டிக்கொண்டு, பிறகு படகைத் தேடி வருகிறேன் என்பதல்லவா இது? திருந்துவதற்கான பலம் எங்கே கிடைக்குமோ அந்த இடத்தை விட்டு விலகி நின்று எப்படித் திருந்துவது? பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியது மெய்யான மனஸ்தாபமும், இனிச் செய்வதில்லை என்ற உறுதியான பிரதிக்கினையும். இனி ஒருக்காலும் விழமாட்டேன் என்று ஜாமீன் எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. அப்படி நான் கேட்பதுமில்லை.

பூர்வீக வேதபிதாக்கள், ஞானஸ்நானத்தில் பெற்ற இஷ்டப்பிரசாதத்தை இழந்தவனுக்குப் பச்சாத்தாபம் கப்பற்சேதத்துக்குப் பின் கைக்கு எட்டுகிற இரண்டாம் பலகை என்றார்கள். தெர்த்துல்லியன், அர்ச். எரோணிமுஸ் முதலியோரின் அந்த உவமையை, திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1547-ல் தன் போதனையிலேயே எடுத்துக்கொண்டது. பலகையைப் பிடிக்கிறவன் உடம்பை உலர்த்திக்கொண்டா பிடிக்கிறான்?

அர்ச். இராயப்பர் ஏரியின்மேல் நடந்து, காற்றைக் கண்டு பயந்து, அமிழ்ந்த சம்பவத்தை மத்தேயு சுவிசேஷத்தின் 14-ம் அதிகாரத்தில் இன்றிரவு வீட்டில் வாசியுங்கள். இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறேன். ஆண்டவர் அவரைக் கரைக்குக் கொண்டுபோகவில்லை. இருவரும் படகில் ஏறினார்கள், அப்போதுதான் காற்று அமர்ந்தது. இன்னொன்று, சேசுநாதர் அவரைக் கடிந்துகொண்டது உண்மைதான். ஆனால் முதலில் கையைப் பிடித்தார், கண்டித்தது அதற்கப்புறம்.

இந்த இரண்டாவது விஷயம் வீட்டாருக்கு. கோவளத்தில், எவ்வளவு முயன்றும் ஏறமுடியாத அந்தப் பிள்ளைக்கு இன்னொரு வாலிபன் தன் படகைப் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். ஆடாத படகில் நாலாம் தரம் சுலபமாய் ஏறிவிட்டான். பிடித்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தாய்மாரே, மனைவிமாரே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. கூலிப்பணம் வீடு வந்து சேராத சனிக்கிழமை எப்படியிருக்கும் என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோபப்பட உங்களுக்கு நியாயம் உண்டு. அடிக்கிறவனுக்குப் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள் என்றும் சொல்லமாட்டேன். அப்படியிருந்தால் முதலில் உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக்கொண்டு, என்னிடம் சொல்லுங்கள். ஆனால் வெட்கத்தோடு கோவிலுக்குப் புறப்படுகிறவனைப் பார்த்து, "இன்னிக்குத்தான் சாமி ஞாபகம் வந்ததோ?" என்று வாசலில் நின்று கேட்க வேண்டாம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர்கள் உண்டு. தறியில் பாவு இழை அறுந்தால் பொறுமையாய் முடிந்து நெய்கிறவர்கள் நீங்கள், பாவையே அறுத்தெறிவதில்லையே.

சனிக்கிழமை மாலை 5 மணி முதல் 6-30 வரையிலும், ஞாயிறு முதற்பூசைக்கு அரைமணி முன்பும் தொட்டியில் இருப்பேன். வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிறவர்கள் எந்த வேளையிலும் அறைவீட்டுக் கதவைத் தட்டலாம். என் முகத்தைப் பார்க்கவே வெட்கமென்றால், செங்கற்பட்டுக்கோ காஞ்சீபுரத்துக்கோ பஸ் ஏறி, உங்களை அறியாத ஒரு குருவிடம் போய்வாருங்கள். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. அந்த மனிதருக்கும் இந்தத் தாளை யாராவது கொண்டுபோய்க் கொடுங்கள்.

உங்கள் பங்குக் குரு