முதலில் கேளுங்கள்

கொழும்பு–கண்டி வீதியில், பிலிமத்தலாவைச் சந்தியில் டியூஷன் முடிந்து பஸ் இறங்கும் பிள்ளையை வீட்டில் எதிர்கொள்ளும் முதல் கேள்வி பெரும்பாலும், "எத்தனை புள்ளி?" என்பதுதான். குறைந்த புள்ளிக்குப் பின்னால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் கரும்பலகை இருக்கலாம். கேலி செய்யும் வகுப்புத் தோழனும் இருக்கலாம். அடி விழுந்தால் காரணம் வெளியே வராது. அடுத்த முறை வினாத்தாளே வீட்டுக்கு வராது.

பெற்றோர் அடிப்பதையும் 1979இலேயே சுவீடன் தடைசெய்தது. இலங்கையிலோ, ஆசிரியர் மாணவனை அறைந்தது அடிப்படை உரிமை மீறல் என 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்காகக் கண்டிப்பே வேண்டாம் என்பதல்ல. பொய் சொன்ன மகனை அருகில் இருத்தி, "ஏன் மகன் பயந்தீங்க?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு, செய்த தவறை அவனே திருத்தட்டும். இன்றிரவு பத்து நிமிடமாவது கைபேசியைத் தள்ளிவைத்துவிட்டு, பிள்ளை சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.